சிவப்புப் பாசி ஆரஞ்சாக வெளுக்கிறது, பச்சை மட்டும் ஓடுகிறது: ரீஃப் டேங்கில் அலங்காரக் கடற்பாசி

#1 உப்புநீர்150

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி (ரீஃப் டேங்க்), 90×45×45 செ.மீ. மணலும் பாறையும் போக 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். பவளம் கொஞ்சம்தான்: காளான், ஜோவாந்தஸ், ஒரு தோல் பவளம். மீதி இடமெல்லாம் பாசிக்கு. சிவப்பில் கிராசிலேரியா, ஹலிமேனியா; பச்சையில் ஹலிமீடா, கௌலெர்பா புரோலிஃபெரா. நான்கும் உள்ளே போய் ஐந்து வாரம் ஆகிறது.

அளவுகள்: உப்பு 35 பிபிடி, வெப்பம் 26.5 முதல் 27.5, அல்கலினிட்டி 8.2 டிகேஹெச், கால்சியம் 420, நைட்ரேட் 0-க்கும் 1-க்கும் நடுவே, பாஸ்பேட்டுக்கு ஹானா 736 மீட்டரில் 7. கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் நாள் முழுக்க ஓடுகிறது, ரியாக்டரில் 60 கிராம் ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள்). நீலம் தூக்கலான ரீஃப் எல்ஈடி, 11 மணி நேரம். இரண்டு கோமாளி மீன், ஒரு கார்டினல், ஒரு கோபி.

கிராசிலேரியாவின் அடிக்கிளை கருஞ்சிவப்பாகவே இருக்கிறது. நுனிக்குப் போகப் போக ஆரஞ்சு, கடைசி இரண்டு செ.மீ. வைக்கோல் நிறம். ஹலிமேனியா தகடு முழுக்க வெளுத்த இளஞ்சிவப்பு. கௌலெர்பா மட்டும் வாரம் ஒரு சாண் ஓடுகிறது. ஹலிமீடாவில் ஒரு கொத்து வெள்ளையாகிவிட்டது. வெளிச்சம் அதிகமா, சத்துக் குறைவா, வெப்பமா? எதை முதலில் மாற்றுவது?

#2 கரைப்பாறை

பசி. முதலில் அதைத் தீருங்கள், மற்றது பிறகு.

சிவப்புப் பாசிக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது ஃபைக்கோஎரித்ரின். அது புரதம். வெளிச்சம் பிடிப்பதோடு நைட்ரஜனைச் சேர்த்து வைக்கும் கிடங்காகவும் பாசிக்கு அதுதான். தண்ணீரில் நைட்ரஜன் தீர்ந்தால், புது வளர்ச்சிக்கு வேண்டியதைத் தன் நிறத்தை உடைத்துத்தான் எடுக்கும். புதிதாக வளரும் நுனி முதலில் வெளுப்பதும் பழைய அடி கடைசி வரை சிவப்பாக நிற்பதும் அதனால். உங்கள் கிளை அச்சு அசலாக இந்தப் படத்தைத்தான் காட்டுகிறது. வெப்பம் தாக்கியிருந்தால் நடுவில் எங்காவது வெள்ளைத் திட்டு விழுந்து, தொட்டால் நொளநொளவென்று அறுந்து போகும்.

கணக்கையும் பாருங்கள். 1983-ல் ஆய்வாளர்கள் அட்கின்சனும் ஸ்மித்தும் கடலடித் தாவரங்களின் உடலில் உள்ள தனிமங்களை அளந்து கண்ட விகிதம் கார்பன் 550, நைட்ரஜன் 30, பாஸ்பரஸ் 1. அணு எண்ணிக்கையில் இருப்பதை டெஸ்ட் கிட் காட்டும் எடைக்கு மாற்றினால், 1 பங்கு பாஸ்பேட் உள்ளே போகும்போது கிட்டத்தட்ட 20 பங்கு நைட்ரேட் போகிறது. 0.1 பிபிஎம் (லிட்டருக்கு மி.கி.) பாஸ்பேட்டை உறிஞ்சினால் நைட்ரேட்டில் 2 பிபிஎம் காலி. பாசி நிறைந்த தொட்டியில் நைட்ரேட் முதலில் சுழியாவது அதனால்தான்.

பவளத் தொட்டிக்குச் சொல்லும் 'சுத்தமான தண்ணீர்' இலக்கணத்தை இங்கே மறந்துவிடுங்கள். பாசியை வடிகட்டியாக சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டிப் பெட்டி) போட்டால் அது பட்டினி கிடப்பது நமக்கு வெற்றி. கண்ணாடிக்கு முன்னால் அழகுக்கு வைத்தால் அது பயிர், உரம் போட்டுத்தான் ஆக வேண்டும். இலக்கு: நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.05 முதல் 0.1. ஜிஎஃப்ஓவை இன்றே கழற்றுங்கள். ஸ்கிம்மர் இருக்கட்டும், காற்றோட்டத்துக்கு வேண்டும்.

ஹானா 736 காட்டுவது பாஸ்பரஸ், பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில். 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம். உங்கள் 7 என்பது 0.02. அந்த மீட்டரின் பிழை வரம்பே 5 பிபிபி இருப்பதால் உண்மை 2 ஆகவும் இருக்கலாம், 12 ஆகவும் இருக்கலாம்.

#3 செந்தழை

கரைப்பாறை அண்ணன் சொன்னதுதான் முதல் காரணம். ஆனா லைட்டையும் விட்டுடாதீங்க, ரெண்டும் சேர்ந்துதான் வெளுக்குது. பசியில இருக்கிற பாசிக்கு வெளிச்சம் கூடினா வெளுப்பு வேகமாகும்.

ஃபைக்கோஎரித்ரின் பிடிக்கிறது பெரும்பாலும் பச்சை வெளிச்சம், சுமார் 495-லேர்ந்து 565 நானோமீட்டர். ரீஃப் எல்ஈடியில நீல டையோடு 450 பக்கம் குவியுது. பாசி அதுல சாகாது, குளோரோஃபில் அதைப் பிடிச்சுக்கும். ஆனா சிவப்புக்கு வாகான வெளிச்சம் 6500 கெல்வின் வெள்ளைதான், அதுல பச்சையும் இருக்கு, சிவப்பும் இருக்கு. நம்ம கண்ணுக்கும் அதுதான் நல்லது. நீலத்துல மட்டும் பாத்தா நல்ல ஆரோக்கியமான ஹலிமேனியாவே கறுப்புத் தோல் மாதிரி தெரியும், திருப்பி அனுப்ப சிவப்பு வெளிச்சமே இல்லையே! வெள்ளைச் சேனலை ஏத்தி, நீலத்தைப் பாதியாக் குறைச்சு, 9 மணி நேரம் வைங்க.

பார் மீட்டர் (பாசி பயன்படுத்துற வெளிச்சத்தை அளக்கிற கருவி) கையில கிடைச்சா இந்த அளவுல ஆரம்பிங்க: ஹலிமேனியாவுக்கு 50–100, அதனால பாறையோட நிழல் பக்கம். கிராசிலேரியா 80–150, புரோலிஃபெரா 50–100, ஹலிமீடா 100–200. மீட்டர் இல்லேன்னா சிவப்பு எல்லாத்தையும் தொட்டி உயரத்துல கீழ் மூணுல ஒரு பங்குக்கு இறக்கிடுங்க.

#4 உப்புநீர்150

நன்றி இருவருக்கும். ஜிஎஃப்ஓவைக் கழற்றிவிட்டேன். இரண்டு சந்தேகம். நைட்ரேட்டை ஏற்ற மீனுக்குத் தீனியைக் கூட்டினால் போதாதா? உரம் என்றால் எதை, எவ்வளவு? சத்து ஏறினால் முடிப்பாசி கிளம்பாதா?

#5 தராசுமுள்

தீனியைக் கூட்டினால் பாஸ்பேட்டும் சேர்ந்து ஏறும், விகிதம் நம் கையில் நிற்காது. நான்கு சின்ன மீனை வைத்து 150 லிட்டர் பாசித் தோட்டத்துக்கு நைட்ரஜன் ஈடுகட்டவும் முடியாது. தனித்தனியாகக் கரைசல் போடுவதே சரி.

நைட்ரேட்: சொட்டுநீர்ப் பாசன உரக் கடையில் 13-0-45 என்று விற்கும் பொட்டாசியம் நைட்ரேட். தூய வெள்ளைப் பொடியாக இருக்க வேண்டும். நிறம் சேர்த்ததும் 'நுண்ணூட்டம் கலந்தது' என்று எழுதியதும் ஆகாது. அதில் தாமிரம் இருக்கும், இறாலும் நத்தையும் போய்விடும். 17 கிராமை 1 லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரையுங்கள். இதில் 10 மி.லி. ஊற்றினால் 100 லிட்டர் தொட்டியில் நைட்ரேட் 1 பிபிஎம் ஏறும். உங்களுக்கு 15 மி.லி. உணவுத் தர சோடியம் நைட்ரேட் கிடைத்தால் லிட்டருக்கு 13.7 கிராம், அதே மி.லி. கணக்கு.

பொட்டாசியம் உப்பைப் போட்டால் நைட்ரேட் 1 பிபிஎம் ஏறும்போது பொட்டாசியமும் 0.6 ஏறும். கடல் நீரில் ஏற்கெனவே 400 பிபிஎம் சுமாராக இருக்கிறது, பாசியும் எடுத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை 15 சதவீதம் தண்ணீர் மாற்றினால் கவலை இல்லை.

பாஸ்பேட்: 0-52-34, மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். 1.4 கிராம், 1 லிட்டர் தண்ணீர். இதில் 1 மி.லி., 100 லிட்டருக்கு 0.01 பிபிஎம். சமையல் தராசு இதற்கு ஆகாது, 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். இரண்டையும் ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள், விகிதத்தை மாற்ற வேண்டி வந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒரு நாளில் நைட்ரேட் 2 பிபிஎம்முக்கு மேல் ஏற்ற வேண்டாம். 5-ஐத் தொடும் வரை தினமும் 30 மி.லி., காலையில் லைட் எரிந்த பிறகு. பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை அளந்து, எவ்வளவு இறங்கியதோ அதை மட்டும் ஈடுசெய்யுங்கள். பாஸ்பேட் ஊற்றிய மறுநாள் மீட்டர் பழைய எண்ணையே காட்டினால் திகைக்க வேண்டாம். ஜிஎஃப்ஓவோடு ஓடிய பாறை வெறும் வயிறாக இருக்கும், முதல் இரண்டு வாரம் அதுவே விழுங்கும். அவசரப்பட்டு அளவை இரட்டிப்பாக்கினால், பாறை நிறைந்ததும் பாஸ்பேட் ஒரேயடியாக எகிறும்.

முடிப்பாசியைப் பற்றி: அது எப்போது ஜெயிக்கிறது என்று பாருங்கள். பெரிய பாசி பசியில் வளராமல் நிற்கும்போது அதன் மேலேயே படரும். வளரும் பாசி இடத்தையும் வெளிச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். நத்தை வேண்டும்: செரித் 10, டிரோக்கஸ் 4. பெரிய டர்போ வேண்டாம், கிராசிலேரியாவை மேய்ந்துவிடும்.

#6 செந்தழை

இரும்பையும் சேர்த்துக்கோங்க. நைட்ரேட் ஏறினதும் பச்சைப் பாசி வெளிர் மஞ்சளா நின்னா அது இரும்புக் குறை. கடல்நீர்ல இருக்க வேண்டிய இரும்பை வீட்டுக் கிட்டால அளக்க முடியாது, பாசியைத்தான் பாக்கணும். 12 சதவீத ஈடிடிஏ இரும்பு உரம் 1 கிராம், 1 லிட்டர் ஆர்ஓ தண்ணி. 100 லிட்டருக்கு வாரம் 1 மி.லி., உங்களுக்கு ஒன்றரை. அதுக்கு மேல போகாதீங்க. அயோடின் அளக்காம ஊத்தவே வேண்டாம், தண்ணி மாத்துறதுல வர்றதே போதும்.

#7 கரைப்பாறை

ஹலிமீடா விஷயம் யாரும் தொடவில்லையே. வெள்ளை எப்படி வந்தது என்று பாருங்கள், மூன்று விதம் உண்டு.

இரவு லைட் அணைந்தபின் நுனியில் புது வில்லை ஒன்று வெள்ளையாகப் பிறக்கும், விடிந்ததும் பச்சையாகிவிடும். பசுங்கணிகங்கள் பின்னாலிருந்து அந்த வில்லைக்குள் ஏறி வரும். இது வளர்ச்சி, மகிழ்ச்சியாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அடியில் இருக்கும் பழைய வில்லைகள் ஒவ்வொன்றாக வெளுத்து உதிர்வது முதுமை. கீழே வெளிச்சம் போகவில்லை என்றும் பொருள்.

ஒரே இரவில் கொத்து முழுக்க எலும்பு வெள்ளை, வில்லை விளிம்பில் பச்சைக் குமிழ்கள் என்றால் இனப்பெருக்கத்துக்குப் போய்விட்டது. ஹலிமீடாவும் கௌலெர்பாவும் உடல் முழுக்கக் குறுக்குச் சுவரே இல்லாத ஒற்றை உயிரணு போன்ற கட்டமைப்பு. உள்ளே இருப்பதை எல்லாம் பாலணுவாக மாற்றி வெளியே விட்டுவிட்டுக் கூடு மட்டும் மிஞ்சும். திரும்பி வராது, எடுத்துவிடுங்கள். மிச்சக் கொத்துகளுக்குக் கால்சியம் 420, அல்கலினிட்டி 8 முதல் 9 நிலையாக இருக்கட்டும். நன்றாக வளரும் ஹலிமீடா பவளம் போலவே இரண்டையும் தின்னும், அளவு இறங்கினால் அதைக் கணக்கில் எடுங்கள்.

#8 நீரடிமேடை

கௌலெர்பாவை அலங்காரத் தொட்டியில் வைக்கவே கூடாது என்பது என் கட்சி. பாறைக்குள் வேரிழை புகுந்தால் பிய்க்கும்போதெல்லாம் ஒரு துண்டு உள்ளே நிற்கும், அந்தத் துண்டு மறுபடி ஓடும். பவளத்தின் அடியை மூடும். அதில் உள்ள கௌலெர்பெனைன் மேயும் உயிர்களை விரட்டும் நச்சு. ஒருநாள் விடியற்காலை கூட்டமாகப் பாலணுவை விட்டால் தண்ணீர் பச்சைப் பால் ஆகும், ஆக்சிஜன் இறங்கும், மீன் மேலே வந்து வாய் பிளக்கும். இத்தனை ஆபத்துக்கு ஒரு பச்சை இலை தேவையா?

#9 கரைப்பாறை

ஆபத்து உண்மை, தீர்ப்பை ஏற்கவில்லை. கௌலெர்பா எல்லாம் ஒன்றல்ல. ரேசிமோசாவும் டாக்ஸிஃபோலியாவும் என்றால் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, பாறைத் தொட்டியில் வேண்டாம். புரோலிஃபெரா மணலில் ஓட விரும்பும். பாறையிலிருந்து ஒரு கை அகலம் வெறும் மணல் விட்டு, எல்லையைத் தாண்டும் ஓட்டத்தை வாரம் ஒருமுறை எடுத்தால் கட்டுக்குள் நிற்கும்.

எடுக்கும் முறை முக்கியம். இலை இலையாகக் கத்தரித்தால் ஒவ்வொரு வெட்டுவாயிலும் சாறு ஒழுகும். அடைப்பு போலக் கெட்டியாகி வாய் மூடும்தான், ஆனால் முப்பது வெட்டு என்றால் ஒழுகுவது சேரும். ஓட்டத்தின் நுனியைப் பிடித்து மணலோடு மெதுவாக முழு நீளத்துக்கும் உருவி, ஒரே இடத்தில் கிள்ளுங்கள். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அன்றைக்கு வடிகட்டியில் கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) புதிதாக இருக்கட்டும்.

பாலணு விடுவதற்கு முன் அடையாளம் தரும். 1997-ல் ஆய்வாளர் கிளிஃப்டன் பனாமாவின் கரீபியன் கரையில் பதிவு செய்தது இது: பச்சைப் பாசிகள் விடியலை ஒட்டிக் கூட்டமாகப் பாலணு விடுகின்றன, மாற்றம் தொடங்கி முடிவதற்கு 36 மணி நேரம்கூட ஆவதில்லை. அதாவது முந்தின நாள் பார்த்துவிடலாம். இலையின் சீரான பச்சை, வலை பின்னியது போலத் திட்டுத் திட்டாகும், சிறு முள் போன்ற காம்புகள் எழும். அந்த இலையை அன்று மாலையே ஓட்டத்தோடு உருவி வெளியே எறியுங்கள். தவறவிட்டு விடியற்காலை பச்சையாகிவிட்டால்: காற்றுக் கல், ஸ்கிம்மர் முழு வேகம், புதுக் கரி, 25 சதவீதம் தண்ணீர் மாற்று.

#10 நீரடிமேடை

மணலில் மட்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். 24 மணி நேர வெளிச்சம் போட்டால் இனப்பெருக்கத்துக்குப் போகாது என்று சம்ப்பில் செய்வார்கள். மீன் இருக்கும் தொட்டியில் அதைச் செய்யாதீர்கள். அடர்த்தியைக் குறைப்பதே போதும்.

இன்னொன்று. பிரையாப்சிஸ் என்ற களைப்பாசி வந்தால் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை ஊற்றும் பழக்கம் இருக்கிறது. பிரையாப்சிஸ், கௌலெர்பா, ஹலிமீடா, கோடியம், உடோட்டியா, பெனிசில்லஸ் எல்லாம் ஒரே வரிசை, பிரையாப்சிடேல்ஸ். பாசித் தொட்டியில் அந்த மருந்தை நம்பி ஊற்ற வேண்டாம். கல்லோடு வெளியே எடுத்துக் கையால் பிடுங்குங்கள்.

#11 உப்புநீர்150

கிராசிலேரியாவை இறக்கும்போது பாறையிலிருந்து கழன்றுவிட்டது. சூப்பர் க்ளூவில் ஒட்டலாமா? பவளத்துக்கும் பாசிக்கும் எவ்வளவு இடைவெளி?

#12 செந்தழை

க்ளூ நேரா பாசி மேல பட்டா அந்த இடம் வெந்து வெளுக்கும், ரெண்டு நாள்ல அங்கேயே அறும். ஓட்டை இருக்கிற சின்னக் கல்லா எடுங்க, எலுமிச்சை அளவு போதும். மூணு நாலு கிளையை அடிப்பக்கமா ஓட்டைக்குள்ள நுழைச்சு, பஞ்சுத் துண்டு இல்லேன்னா நைலான் வலைத் துண்டு வெச்சு லேசா அடைங்க. இறுக்கினா நசுங்கி அழுகும். நூல் கட்டுறதா இருந்தா பருத்தி நூல், கிளைகள் கல்லைப் பிடிச்ச பிறகு அது தானா இத்துப் போகும். ஜெல் க்ளூவை அந்தக் கல்லைப் பாறையில ஒட்டத்தான் பயன்படுத்தணும்.

ஹலிமேனியா அடியில சின்னத் தட்டு மாதிரி பிடிப்பு இருக்கும். அதைப் பாறையிலேர்ந்து சுரண்டாதீங்க, கல்லோட சேத்து நகத்துங்க. பெனிசில்லஸ், உடோட்டியா வாங்கினா அடியில மணல் உருண்டை மாதிரி வேர்க்கட்டு இருக்கணும். அது அறுந்து வந்தா வாங்க வேண்டாம். அதுகளை நட பொடி அரகோனைட் மணல் 6 செ.மீ. ஆழம் வேணும்.

நீரோட்டம் இருக்கணும். கிளை நிக்காம ஆடணும், மடங்கி ஒரே பக்கம் படுக்கக் கூடாது. சிவப்புப் பாசி கொத்துக்குள்ள அழுக்கு தங்கினா நடுவுல ரோஸ் நிறமாகி அழுகும், வெளியிலேர்ந்து பாத்தா தெரியவே தெரியாது. வாரம் ஒருக்கா டர்க்கி பேஸ்டரால (ரப்பர் பந்து வெச்ச உறிஞ்சி) ஊதி விடுங்க.

பவளத்துக்கு 5 செ.மீ. தள்ளி. ஆடும்போதுகூடத் தொடக்கூடாது. கரி 75 கிராம், மூணு வாரத்துக்கு ஒருக்கா மாத்துங்க.

#13 தராசுமுள்

வெப்பத்தை யாரும் பேசவில்லை. 27.5 விளிம்பு. ஃபேன் வைத்தால் ஆவியாதல் கூடும், 150 லிட்டரில் 3 லிட்டர் போனால் உப்பு 35-லிருந்து 35.7. அதனால் தானியங்கி டாப்-அப் கட்டாயம், ஆர்ஓ தண்ணீர் மட்டும். கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் கூடிய நாட்களில் ஃபேன் கைவிடும், அப்போது சில்லர்தான். வெப்பம் கூடினால் முதலில் பாதிக்கப்படுவது சிவப்பு. வெட்டிய பாசியை எப்படி எறிவது என்று ராமேஸ்வரத்தை ஒட்டிய மண்டபம் பக்கத்து நண்பர் யாராவது எழுதினால் நல்லது.

#14 கஞ்சிப்பாசி

எழுதுறேன் தம்பி. உங்க தொட்டியில அலங்காரமா நிக்கிற கிராசிலேரியாவோட சொந்தக்காரன்தான் எங்க கரையில கஞ்சிப்பாசி. பாக் நீரிணையில நல்லா வளர்ற சாதி, வெப்பமும் தாங்கும். ஆனா கரையிலேர்ந்து அள்ளிட்டு வர்றதுன்னா எங்கேன்னு பாத்து அள்ளணும். மன்னார் வளைகுடாவின் 21 தீவும் தேசியப் பூங்கா, அங்கே கை வைக்கக் கூடாது. ஒட்டியிருக்கிற கல்லு பவளமா இருந்தா, 2001-லேர்ந்து கல் பவளம் அத்தனையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை. பாசியை மட்டும் கேளுங்க, கல்லை வேண்டாம்.

கரையிலேர்ந்து வந்தா நேரா தொட்டியில போடாதீங்க. தொட்டித் தண்ணியில மூணு தடவை அலசி, லைட்டும் காத்தும் இருக்கிற வாளியில மூணு வாரம். நண்டுக்குஞ்சு, கடல் முயல், குமிழ்ப்பாசி எல்லாம் அதுக்குள்ள வெளிய வந்துடும். நல்ல தண்ணியில முக்குற பழக்கம் கௌலெர்பா, ஹலிமீடாவுக்கு ஆகாது.

வெட்டின பாசியைச் சாக்கடையில, வாய்க்கால்ல, கடல்ல போடவே போடாதீங்க. இதை நான் கெஞ்சிக் கேக்குறேன். வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ்ங்கிற சிவப்புப் பாசி மன்னார் வளைகுடாவுல இருக்கிற குருசடைத் தீவுல உயிருள்ள பவளத்து மேலயே படர்ந்ததை 2008-லயே ஆராய்ச்சியாளர்கள் எழுதிட்டாங்க. அந்தப் பக்கம் கலிஃபோர்னியாவுல 2000-ல கௌலெர்பா டாக்ஸிஃபோலியா ஒரு கடற்கழியில கிடைச்சது. தார்ப்பாய் போட்டு மூடி உள்ள குளோரின் விட்டுக் கொன்னு, ஒழிஞ்சதுன்னு அறிவிக்க 2006 ஆச்சு. ஒரு விரல் அளவுத் துண்டு போதும் அதுக்கு. பையில கட்டி ஃப்ரீசர்ல ஒரு நாள் முழுக்க வெச்சு, பிறகு வெயில்ல மொறுமொறுன்னு காயவிட்டுக் குப்பையில போடுங்க. பாசி அலசின தண்ணியில பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு ராத்திரி வெச்சு ஊத்துங்க.

#15 உப்புநீர்150

கண்டிப்பாகச் செய்கிறேன் அண்ணே. கடைசியாக ஒன்று: வெளுத்த கிளைகளை இப்போதே வெட்டிவிடலாமா, திரும்புமா?

#16 கரைப்பாறை

வெட்டாதீர்கள். வெளுத்தாலும் திடமாக இருக்கும் கிளை உயிரோடுதான் இருக்கிறது. கையில் எடுத்து மெல்ல வளையுங்கள்: ரப்பர் போல வளைந்து நிமிர்ந்தால் வைத்துக்கொள்ளுங்கள், வழவழப்போடு தோல் உரிந்தால் அந்த இடத்துக்கு ஒரு செ.மீ. கீழே கிள்ளுங்கள். நைட்ரேட் 5-ல் நின்றபின் வைக்கோல் நிற நுனியில் முதலில் பழுப்பு ஏறும், பிறகு செங்கல் நிறம், அதற்குப் பிறகுதான் கருஞ்சிவப்பு. ஹலிமேனியா தகடு விளிம்பிலிருந்து உள்ளே நிறம் பிடிக்கும், இடையில் ஓட்டை விழுந்த பகுதி மட்டும் திரும்பாது. நிறம் ஏறும் வாரத்தில் பாசி நிறைய இழுக்கும். நைட்ரேட்டைத் தினமும் அளந்து ஊற்ற வேண்டியது அந்த வாரம்தான்.